சாவகச்சேரியும் வேலூரும்: ஒரு புருவத்தின் விலை

புலம்பெயர்ந்து வாழும் நம்மவர்கள் அண்மைக் காலமாக எனக்கு எழுதும் கடிதங்களில் ஒரு கேள்வி அடிக்கடி இடம்பெறுகிறது. தாழ்ந்துபோன புருவத்தை உயர்த்தும் சத்திரசிகிச்சைக்கு ரொறன்ரோவில் ஒரு தொகை சொல்கிறார்கள், சென்னையில் அதில் ஒரு சிறு பங்கையே சொல்கிறார்கள், கொழும்பில் வேறொன்று. ஒரே நகரத்தில் ஒரே வீதியில் இருக்கும் இரு வைத்தியர்கள் சொல்லும் தொகைகளுக்கு இடையிலேயே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருக்கிறது. இதற்குக் காரணம் என்ன? மலிவானது மோசமானதா? விலை உயர்ந்தது சிறந்ததா?

நான் வைத்தியன் அல்லன்; பத்திரிகைக்காரன். ஆனால் ஒரு பொருளுக்கு ஏன் இரண்டு விலை என்று கேட்பது எங்கள் தொழிலின் பழைய வழக்கம். அவ்வாறு தேடிக்கொண்டு போனபோது, இந்தக் கேள்விக்கான விடையின் ஒரு நூலிழை எங்கள் சாவகச்சேரியிலேயே தொடங்குவதைக் கண்டேன். அதனைப் பதிவு செய்யவே இக்கட்டுரை.

மயக்கமருந்து இல்லாத காலத்துக் கத்தி

தென்மராட்சியின் தலைநகரான சாவகச்சேரியைப் பற்றிப் பேசுவோர் அதன் பெயரில் ஒட்டியிருக்கும் சாவகரைப் பற்றிப் பேசுவர். சந்தையையும் பலாப்பழத்தையும் மாம்பழத்தையும் பற்றிப் பேசுவர். அங்கே ஓர் அமெரிக்க வைத்தியர் குடும்பத்தோடு வாழ்ந்தார் என்பதைப் பேசுவோர் குறைவு. அவர் பெயர் ஜோன் ஸ்கடர். நியூ ஜேர்சி மாநிலத்தில் 1793இல் பிறந்த இவர், நியூ யோர்க்கில் நடத்திவந்த வைத்தியத் தொழிலை விட்டுவிட்டு 1819ஆம் ஆண்டு இலங்கைக்குக் கப்பலேறினார். அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து சென்ற முதல் மருத்துவ மிஷனரி என்று அவரைக் குறிப்பிடுவர். 1820இல் பண்டத்தரிப்பில் நிலைகொண்டார். 1830களின் நடுப்பகுதியில் அமெரிக்க மிஷன் சாவகச்சேரியில் அமைத்த நிலையத்தில் பணியாற்றினார். 1836இல் சென்னைக்கு மாற்றப்பட்டார்.

அக்காலத்துச் சத்திரசிகிச்சை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஈதர் என்னும் மயக்கமருந்து உலகத்தின் முன் செய்துகாட்டப்பட்டது 1846 ஒக்டோபரில். குளோரோபோம் வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. ஆகவே ஸ்கடர் சாவகச்சேரியில் இருந்த காலத்தில், கட்டி அகற்றுவதாயினும் கண்படலம் நீக்குவதாயினும், நோயாளி முழு நினைவோடு இருக்க வேண்டும். நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும். வைத்தியரின் கை விரைவாக ஓட வேண்டும். உயிருக்கோ பார்வைக்கோ ஆபத்து என்றாலன்றி எவரும் கத்திக்கு உடன்பட்டிருக்கமாட்டார். அழகுக்காக நெற்றியைக் கீறுவது என்ற எண்ணமே அக்காலத்தில் தோன்ற இடமில்லை.

நம் மண்ணில் வைத்தியம் அமெரிக்கரோடு வந்தது என்று எவரும் எண்ணிவிடலாகாது. யாழ்ப்பாண அரசர் காலத்துச் செகராசசேகரமும் பரராசசேகரமும் தமிழ் மருத்துவ நூல்கள். கட்டு வைத்தியரும் பரிகாரியாரும் ஊர்தோறும் இருந்தனர். இன்றும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவக் கல்வி தென்மராட்சியின் கைதடியில்தான் நடைபெறுகிறது. ஸ்கடருக்குப் பின்னர் 1847இல் வந்து மானிப்பாயில் வைத்தியமும் வைத்தியக் கல்வியும் நடத்திய சாமுவேல் பிஸ்க் கிறீன், இந்த மரபின் சொற்களைக் கடன் வாங்கியே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். உடலமைப்பு நூலுக்கு அவர் இட்ட பெயர் அங்காதிபாதம். சத்திரசிகிச்சை நூலுக்கு இட்ட பெயர் இரண வைத்தியம்; அது 1867இல் வெளிவந்தது. தமிழில் சத்திரசிகிச்சையைக் கற்ற மாணவர் குழாமொன்று யாழ்ப்பாணத்தில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே இருந்தது என்பது நாம் பெருமைப்படவேண்டிய செய்தி.

நெற்றியில் தொடங்கிய கலை

நெற்றிக்கும் சத்திரசிகிச்சைக்கும் உள்ள உறவோ இன்னும் பழையது. அது நம் துணைக்கண்டத்துக்கே உரியது.

பகைவனின் மூக்கை அறுப்பது ஒரு காலத்தில் போர்முறையாகவும் தண்டனையாகவும் இருந்தது. திருமலை நாயக்கரின் இறுதிக் காலத்தில், 1656ஆம் ஆண்டளவில், மைசூர்ப் படையினர் தமிழ்நாட்டுக்குள் புகுந்து மூக்குகளை அறுத்துச் சென்றதும், மதுரைப் படையினர் மைசூருக்குள் சென்று பழிதீர்த்ததும் வரலாற்றில் மூக்கறு போர் என்றே பதிவாகியிருக்கின்றன. மூக்கறுபட்டவன் என்னும் வசைச்சொல் நம் நாவில் இன்றும் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மூக்கிழந்தவன் சபைக்கு வரமுடியாது.

அறுத்த மூக்கை மீண்டும் அமைக்கும் கலையும் இம்மண்ணிலேயே வளர்ந்தது. 1792இல் முடிந்த மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் ஆட்களிடம் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஏறத்தாழ ஓராண்டின் பின்னர், செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் புனாவுக்கு அருகில் அவருக்குப் புது மூக்கு அமைத்துக் கொடுத்தார். அதன் விவரம் 1794 ஒக்டோபர் மாத லண்டன் சஞ்சிகையொன்றில் படத்தோடு வெளியானது.

முறை மிக எளியது. மெழுகில் மூக்கின் அச்சு ஒன்றைச் செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து வரைந்துகொள்வர். அந்த அளவுக்கு நெற்றித் தோலை உரித்தெடுப்பர். ஆனால் இரு புருவங்களுக்கு இடையில் ஒரு காம்பை மட்டும் அறுக்காமல் விடுவர். இரத்தம் அந்தக் காம்பின் வழியே ஓடும். தோலைத் திருப்பி மூக்கின் இடத்தில் பொருத்தி, வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டியை நீரில் குழைத்துத் துணியில் தடவி ஒட்டுவர். இருபத்தைந்து நாட்களின் பின்னர், ஒட்டிய தோல் தன் காலில் நிற்கத் தொடங்கியதும், காம்பை வெட்டிச் சீர்செய்வர். இதைப் படித்த ஜோசப் கார்ப்பியூ என்ற ஆங்கிலேயர் 1814இல் லண்டனில் இம்முறையைச் செய்துபார்த்து, 1816இல் நூலாக வெளியிட்டார். ஐரோப்பாவில் பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை புத்துயிர் பெற்றது அதன் பின்னரே. இந்திய முறை என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

இந்தக் கதையில் நாம் மனத்தில் இருத்தவேண்டிய தத்துவம் ஒன்று உண்டு. தோலை எடுப்பது பெரிதல்ல. எடுத்த தோலுக்கு இரத்தம் வரும் வழியைக் காப்பதுதான் வித்தை. நுட்பங்களுக்கு இடையிலான வேறுபாடும், அதனால் வரும் விலை வேறுபாடும், பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன.

போர்முனையிலிருந்து அழகு நிலையத்துக்கு

முதலாம் உலகப் போர் முகங்களைச் சிதைத்தது. பதுங்குகுழியிலிருந்து தலையை நீட்டிய இளைஞர்கள் தாடையையும் மூக்கையும் இமையையும் இழந்து திரும்பினர். இங்கிலாந்தின் சிட்கப் நகரில் 1917இல் தொடங்கிய வைத்தியசாலையில் ஹரல்ட் கில்லிஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட போர்வீரருக்குப் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகளைச் செய்தனர். போர் முடிந்தது, கற்ற வித்தை மிஞ்சியது.

பாரிஸ் நகரில் றேமோன் பாசோ என்பவர் 1919இல், நெற்றியின் மயிர்க்கோட்டை ஒட்டிச் சிறு நீள்வட்டத் துண்டுகளாகத் தோலை வெட்டி நீக்கித் தைத்தால் புருவம் உயரும் என்று எழுதினார். புருவம் உயர்த்தும் சத்திரசிகிச்சையின் எழுதப்பட்ட வரலாறு பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகிறது. அதே நகரில் போரில் சிதைந்த முகங்களைச் சீர்செய்த அனுபவம் கொண்ட சூசான் நொயெல் என்ற பெண் வைத்தியர், 1926இல் அழகுச் சத்திரசிகிச்சையின் சமூகப் பங்கு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். முகம் முதிர்ந்ததற்காகப் பெண்கள் வேலையை இழக்கிறார்கள்; ஆகவே இது வீண் ஆடம்பரமன்று, பிழைப்பு என்பது அவருடைய வாதம்.

அந்த வாதத்தை ஏற்பவரும் உண்டு; மறுப்பவரும் உண்டு. ஆனால் அதே வாதம் முப்பதாண்டுகளுக்குள் தமிழ்நாட்டில் வேறொரு வடிவில் எழுந்தது. அங்கே அதை மறுக்க எவராலும் முடியவில்லை.

வேலூரில் ஒரு புருவம்

ஸ்கடர் சாவகச்சேரியை விட்டுச் சென்னைக்குப் போனதைச் சொன்னேன். அவருடைய பிள்ளைகள் பலர் தந்தையின் வழியிலேயே தமிழ்நாட்டில் மிஷன் பணி செய்தனர். அவர்களில் தந்தையின் பெயரையே தாங்கிய ஜோன், 1835இல், குடும்பம் சாவகச்சேரியில் இருந்த காலத்தில் இலங்கையில் பிறந்தவர். அந்த ஜோனின் மகள்தான் இடா ஸ்கடர். 1870இல் பிறந்த இடா, அமெரிக்காவில் மருத்துவம் கற்று 1900இல் வேலூரில் ஒரு சிறு மருந்தகத்தைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். அதுவே இன்று உலகறிந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. போர்க்காலத்திலும் அதற்கு முன்னரும் பின்னரும் யாழ்ப்பாணத்திலிருந்து எத்தனையோ பேர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போன அந்த வைத்தியசாலையின் குடும்ப மரத்தில் ஒரு கிளை சாவகச்சேரியில் துளிர்த்தது என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

அந்த வைத்தியசாலைக்கு 1946இல் போல் பிராண்ட் என்ற ஆங்கிலேயர் வந்தார். அவரும் தமிழ் மண்ணில் பிறந்தவரே; கொல்லிமலையில் மிஷனரிகளாக இருந்த பெற்றோருக்கு 1914இல் பிறந்தவர். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் றொபேட் கொக்ரேன் அவருக்கு நோயாளிகளைக் காட்டினார். விரல்கள் மடங்கிப்போன கைகளைக் கண்ட பிராண்ட், எலும்பு மூட்டு வைத்தியர்கள் ஏன் இவற்றைத் தொடவே இல்லை என்று வியந்தார். 1948 முதல், முன்கையின் நல்ல தசைநாண்களை இடம்மாற்றி மடங்கிய விரல்களை நிமிர்த்தத் தொடங்கினார்.

இதில்தான் எதிர்பாராத ஒன்று நடந்தது. கை நிமிர்ந்து ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்து முறையிட்டனர். முன்னர் மடங்கிய கையை நீட்டினால் பிச்சையாவது விழும். இப்போது நல்ல கை என்று பிச்சையும் இல்லை, முகத்தைப் பார்த்ததும் வேலையும் இல்லை என்பது அவர்களுடைய முறைப்பாடு. நோய் குணமாகிவிட்டது, டாப்சோன் மருந்து கிருமியைக் கொன்றுவிட்டது. ஆனால் தொழுநோய் சிலருக்குப் புருவ மயிரை முற்றாக உதிர்த்துவிடும்; மூக்கின் உட்புறத்தைச் சுருக்கி நடுவே அமுக்கிவிடும். புருவமற்ற முகத்தைக் கண்டதும் ஊரார் ஒதுங்கினர். தேநீர்க் கடையிலும் பேருந்திலும் அவருக்கு இடமில்லை.

ஆகவே பிராண்ட் புருவத்தையும் அமைக்க முன்வந்தார். பழைய இந்திய முறையின் தத்துவம் இங்கே மீண்டும் உயிர்பெறுகிறது. நெற்றிப்பொட்டுக்கு மேலே மயிரடர்ந்த தலைத்தோலில் புருவத்தின் அளவுக்கு ஒரு துண்டை வெட்டுவர். அதற்கு இரத்தம் கொண்டுவரும் நாடியை அறுக்காமல் விடுவர். பின்னர் நெற்றித் தோலுக்கு அடியில் ஒரு சுரங்கம் தோண்டி, அந்தத் துண்டை அதன் நாடியோடு இழுத்துவந்து புருவத்தின் இடத்தில் தைப்பர். இரத்த ஓட்டம் அறாததால் மயிர் அடர்த்தியாக வளரும். ஒரே ஒரு தொல்லை: தலைமயிர் தன் குணத்தை மறப்பதில்லை. அது புருவத்தின் அளவில் நிற்காமல் நீண்டுகொண்டே போகும். வாரம்தோறும் கத்தரிக்க வேண்டும். புருவமின்றி ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவருக்கு அது தொல்லையாகவா தோன்றியிருக்கும்?

அமுங்கிய மூக்குக்கும் வழி காணப்பட்டது. கில்லிஸ் கண்டறிந்தபடி, இழந்தது வெளித்தோலன்று, உள்விரிப்பே. உள்ளே தோல் ஒட்டு வைத்துச் சுருங்கிய மூக்கை மீண்டும் விரித்தனர். போல் பிராண்டின் துணைவியார் மார்கிரெட் பிராண்ட் கண்களைக் கவனித்தார். மூடமுடியாத இமைகளால் பார்வை போகாமல் காப்பது அவர் பணி. 1950களின் தொடக்கத்தில் நவ ஜீவ நிலையம் என்னும் தொழிற்பயிற்சி இடமும், 1955இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் தனி வைத்தியசாலையும் எழுந்தன.

இங்கே விலையைப் பற்றிய முதற்பாடம் இருக்கிறது. தலைத்தோலை வெறும் துண்டாக வெட்டி ஒட்டுவது எளிது, விரைவு, செலவு குறைவு. ஆனால் மயிர் ஐதாகவும் திட்டுத்திட்டாகவும் வளரக்கூடும். நாடியோடு கொண்டுவருவது கடினம், நேரமெடுக்கும், அடர்த்தி நன்று. மூன்றாவது முறையாகத் தனித்தனி மயிர்வேர்களை நடுவதற்கான அடிப்படையை 1939இல் ஜப்பானியரான ஒகுடா எழுதினார். தீப்புண்ணால் மயிரிழந்தோருக்கு அவர் அதைச் செய்தார். இன்று அம்முறையே மிக இயல்பான தோற்றம் தருவது. ஒவ்வொரு மயிரையும் சரியான சாய்வில் நடவேண்டியிருப்பதால் மணிக்கணக்கில் ஆட்களின் உழைப்பை விழுங்குவதும் அதுவே. ஆகவே விலை கூடியது எது என்பதை முடிவு செய்வது வெட்டின் பெருமையன்று. தேர்ந்த கைகள் செலவிடும் நேரம்.

உயர்த்தும் வழிகள் ஆறு

இனி நம் வாசகர்களின் நேரடிக் கேள்விக்கு வருவோம். மயிர் இருந்தும் புருவம் கீழே சரிந்துவிட்டால் என்ன செய்வது? வயதினாலும், முகவாதத்தாலும், காயத்தாலும் இது நேரலாம். புருவத்தை மேலே தூக்குவது நெற்றித் தசை ஒன்றே. கீழே இழுப்பவையோ பல. இந்த இழுபறியில் யாரை வெட்டுவது, யாரைத் தளர்த்துவது, எங்கே கட்டுவது என்பதில்தான் முறைகள் வேறுபடுகின்றன.

முதலாவது, நேர் வெட்டு. புருவத்துக்குச் சற்று மேலே தோல் துண்டொன்றை நீக்கித் தைப்பது. விறைப்பு ஊசியோடு முடிந்துவிடும். செலவு மிகக் குறைவு. தழும்பு தெரியும். முகவாதம் வந்த முதியவருக்கு இன்றும் இது நல்ல முறையே. இரண்டாவது, நெற்றிச் சுருக்கத்துக்குள் வெட்டை மறைப்பது. ஆழ்ந்த வரிகள் உடைய வழுக்கைத் தலை ஆண்களுக்கு ஏற்றது.

மூன்றாவது, காதிலிருந்து காது வரை, மயிருக்குள்ளே தலைத்தோலை வெட்டி, நெற்றி முழுவதையும் கீழிருந்து விடுவித்து மேலே இழுத்து, மிஞ்சும் தலைத்தோலை நீக்கித் தைப்பது. 1960களிலிருந்து முப்பதாண்டுகள் இதுவே பெருவழக்கு. பலன் உறுதியானது. ஆனால் நெற்றி உயரும். வெட்டுக்குப் பின்னால் தலை விறைத்துப்போகும். தழும்பின் வழியே மயிர் உதிரலாம். நான்காவது, வெட்டை மயிர்க்கோட்டிலேயே வைப்பது. நெற்றி ஏற்கெனவே அகன்றவருக்கு இது பொருத்தம். ஆனால் தழும்பை மறைக்க மிக நுண்ணிய தையல் வேண்டும்.

ஐந்தாவது, நெற்றிப்பொட்டுப் பக்கம் மட்டும் சிறு வெட்டிட்டுப் புருவத்தின் வால் பகுதியைத் தூக்குவது. ஆறாவது, குழாய்க் கமராவின் துணையோடு செய்வது. 1990களின் தொடக்கத்தில் லூயிஸ் வாஸ்கோனெஸ், நிக்கனோர் இஸ்ஸே முதலியோர் அமெரிக்காவில் இதைப் பரப்பினர். மயிருக்குள் மூன்று முதல் ஐந்து வரையான சிறு துளைகள். அவற்றின் வழியே கமராவும் கருவியும். எலும்பின் மேலுறையைத் தளர்த்தி நெற்றியை மேலேற்றி, திருகாணியாலோ தையலாலோ உடலில் கரையும் பற்றுக்கருவியாலோ நிறுத்துவது. தழும்பு சிறிது, விறைப்பும் குறைவு. ஆனால் கமரா, திரை, கருவி, பற்றுக்கருவி அனைத்தும் விலைக்கு வாங்கவேண்டியவை. முழு மயக்கமோ ஆழ்ந்த உறக்கமருந்தோ வேண்டும். மிகக் கனத்த நெற்றிக்கு இது போதாமலும் போகலாம்.

இவற்றோடு ஊசியும் சேர்ந்துகொண்டது. மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் மருந்தாக 1989இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பொட்டொக்ஸ், புருவமத்தி வரிகளுக்காக 2002இல் அங்கே அனுமதி பெற்றது. கீழே இழுக்கும் தசையை அது தளர்த்துவதால் புருவம் சிறிதளவு உயரும். மூன்று நான்கு மாதங்களில் பலன் மறையும். ஒருமுறை விலை குறைவு. பத்தாண்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்பவருக்கு அது மலிவல்ல.

விலைப்பட்டியலை வாசிக்கும் முறை

ஒரு தொகையைச் சொன்னால் அதில் எவையெவை அடக்கம் என்று கேட்பது முதற்கடமை. அமெரிக்கப் பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சையாளர் சங்கம் வெளியிடும் சராசரித் தொகைகள் கூட, வைத்தியரின் கூலியை மட்டுமே குறிப்பவை. மயக்கமருந்து வைத்தியர், சத்திரசிகிச்சைக் கூடம், மருந்து, பரிசோதனை, பின்னர் வரும் கவனிப்பு ஆகியவை அதில் இல்லை. ஒருவர் கூலியைச் சொல்கிறார், மற்றவர் மொத்தத்தைச் சொல்கிறார்; நாமோ இரண்டையும் ஒரே தராசில் வைத்துவிட்டு ஒருவரை மலிவென்றும் மற்றவரைக் கொள்ளையென்றும் சொல்கிறோம்.

ரொறன்ரோவுக்கும் சென்னைக்கும் இடையிலான வேறுபாட்டில் பெரும்பங்கு வித்தையின் வேறுபாடு அல்ல. தாதியின் சம்பளம், கட்டட வாடகை, வைத்தியர் செலுத்தும் காப்புறுதி, நாணயமாற்று ஆகியவையே அந்த இடைவெளியை உண்டாக்குகின்றன. ஆகவே குறைந்த விலை குறைந்த தரத்துக்குச் சான்றாகாது. ஆனால் மயக்கமருந்துக்குத் தனி வைத்தியர் இல்லாமலும் அவசரத்துக்குரிய வசதி இல்லாமலும் வரும் குறைந்த விலைக்கு நாம் அஞ்சவேண்டும். இரண்டு வார விடுமுறையில் ஊருக்கு வந்து, கத்தி வைத்துக்கொண்டு விமானமேறுவோருக்கு இன்னொரு செலவும் உண்டு. ஒரு பக்கம் புருவம் ஏறி மறுபக்கம் இறங்கினால், புண் பழுத்தால், நெற்றியை அசைக்கும் நரம்பு சோர்ந்தால், யாரிடம் போவது? வெட்டிய கை ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் இருக்கும். அந்தத் திரும்புபயணச் செலவு எந்தப் பட்டியலிலும் எழுதப்படுவதில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னர், சரிந்தது புருவமா இமையா என்று தெரியவேண்டும். புருவத்தை விரலால் அதன் இயல்பான இடத்துக்கு உயர்த்திப் பாருங்கள். அப்போதும் இமை விழியை மறைத்தால், கோளாறு இமையைத் தூக்கும் தசையில் இருக்கலாம். புருவத்தை எவ்வளவு உயர்த்தினாலும் அது தீராது. திடீரென இமை சரிந்தால் அது நரம்பு நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். அழகு நிலையத்துக்கன்று, உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். புருவச் சரிவை விட்டுவிட்டு இமைத் தோலை மட்டும் மிகுதியாக வெட்டிவிட்டால், பின்னர் புருவத்தை உயர்த்தும்போது கண் மூடாமல் போகும் ஆபத்தும் உண்டு. தவறான சத்திரசிகிச்சை எந்த விலைக்குக் கிடைத்தாலும் அது நட்டமே.

இன்னொன்று: பார்வையை மறைக்கும் சரிவு வேறு, கண்ணாடியில் பிடிக்காத சரிவு வேறு. பல நாடுகளின் பொதுச் சுகாதாரத் திட்டங்கள் பார்வைப் புலத்தை அளந்துபார்த்து, மறைப்பு உறுதியானால் செலவை ஏற்பதுண்டு. தம் பையிலிருந்து காசு கட்டுவதற்கு முன்னர் கண் வைத்தியரிடம் இந்தச் சோதனையைக் கேட்டுப் பெறுவது எவருடைய உரிமையும் ஆகும்.

தென்மராட்சியின் கணக்கு

இலங்கையில் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சையும் அவ்வாறே. காயத்தால் இமை மூடமுடியாதவருக்கும், முகவாதத்தால் புருவம் விழியை மறைப்பவருக்கும் அங்கே விலைப்பட்டியல் நீட்டப்படுவதில்லை. காத்திருப்புத்தான் கட்டணம்.

இது தென்மராட்சிக்கு வெறும் சலுகை அன்று. 2000ஆம் ஆண்டு மே மாதம் சாவகச்சேரி விடுதலைப் புலிகளின் கைக்கு வந்தது. செப்டெம்பரில் இராணுவம் அதை மீளக் கைப்பற்றியது. இடைப்பட்ட அந்த மாதங்களில் நகரம் தரைமட்டமாயிற்று. சந்தையும் பள்ளிக்கூடங்களும் கோயில்களும் வீடுகளும் சிதைந்தன. கட்டடங்களை மீண்டும் எழுப்பினார்கள். முகத்தில் தழும்பு ஏறியவர்களின் கணக்கை எவரும் முழுதாக எடுக்கவில்லை. எறிகணைச் சிதறல் நெற்றியைக் கிழித்ததால் ஒரு பக்கம் புருவம் சரிந்த ஒருவர் தன் முகத்தைச் சீர்செய்யக் கேட்டால், அதை அழகாசை என்று எவர் சொல்லமுடியும்? வேலூரில் புருவம் பெற்ற தொழுநோயாளியின் நியாயமும் இவருடைய நியாயமும் ஒன்றே.

2024 ஜூலையில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையின் நிர்வாகத்தையும் குறைபாடுகளையும் முன்னிட்டு மக்கள் கடைகளை அடைத்துப் போராடியதை நாடே பார்த்தது. அந்தச் சர்ச்சையில் யார் பக்கம் நியாயம் என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. நான் கண்டது ஒன்றே: ஓர் ஊர் தன் வைத்தியசாலைக்காகத் தெருவுக்கு வந்தது. இலவசம் என்பது விலையற்றது என்று பொருள்படாது. அதன் விலையை ஊரும் நாடும் ஆண்டுதோறும் வரியாகவும் கவனமாகவும் செலுத்திக்கொண்டே இருக்கவேண்டும் என்பதை அந்த மக்கள் அறிந்திருந்தனர்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்குச் சொல்வதற்கு எனக்கு ஒன்றிருக்கிறது. உங்கள் முகம் உங்களுடையது. உழைத்த காசும் உங்களுடையது. புருவத்தை உயர்த்துவதை எவரும் குறைசொல்ல வேண்டியதில்லை. தொகையைக் கேட்பதோடு நில்லாமல், எந்த முறை, ஏன் எனக்கு அந்த முறை, யார் மயக்கமருந்து தருகிறார், தழும்பு எங்கே விழும், பிழைத்தால் பொறுப்பு யாருக்கு என்ற ஐந்தையும் கேளுங்கள். விடை தெளிவாக வராத இடத்தில் கத்திக்கு நெற்றியைக் கொடுக்காதீர்கள். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னர் சாவகச்சேரியில் வைத்தியரின் முன்னே நினைவோடு படுத்திருந்த நம் முன்னோருக்கு இவற்றைக் கேட்கும் வாய்ப்பு இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது.